பந்தயத்துக்கு ஒரு பழைய டிங்கி: இரண்டு ஐஎல்சிஏ படகுகளை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

வாங்குபவரின் எடை 76 கிலோ. இரவல் படகில் பயிற்சி எடுத்தாயிற்று. இனி கிளப் பந்தயங்களிலும் ஆண்டுக்கு ஓரிரு ரெகாட்டாக்களிலும் (பெரிய படகுப் போட்டிகளிலும்) சொந்தப் படகில் ஓட வேண்டும். கையில் இருப்பது புதுப் படகின் விலையில் பாதி. அவர் முன்னால் இரண்டு பழைய ஐஎல்சிஏ டிங்கிகள் (ஒருவர் ஓட்டும் சிறு பாய்ப்படகுகள்) விற்பனைக்கு நிற்கின்றன. ஆளும் படகுகளும் இந்த ஆய்வுக்காக அமைத்தவை. ஆனால் இங்கே வரும் குறைகள் எல்லாம் இந்த வகைப் படகுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுபவை.

விலைகளை ஒப்பிட வசதியாக, பந்தயத்துக்குத் தயாரான புதுப் படகின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரிடம் 50 இருக்கிறது.

முதல் படகு ஐந்து வயது. பயிற்சிப் பள்ளியிலிருந்து வருகிறது. ஹல் (படகின் உடல்) முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறது, பாய் புதிது, கயிறுகள் எல்லாம் புதிது. கேட்கும் விலை 55.

இரண்டாவது படகுக்குப் பதினான்கு வயது. ஒரே உரிமையாளர், கூரைக்குள் வைத்திருந்தார். டெக் (மேல்தளம்) வெளிறியிருக்கிறது, பாய் தொய்ந்திருக்கிறது, கயிறுகள் நரைத்திருக்கின்றன. கேட்கும் விலை 30.

புகைப்படங்களை மட்டும் பார்த்தால் முதல் படகுக்கு முன்பணம் கொடுக்கத்தான் தோன்றும்.

ஏன் இந்த வகுப்பு

புரூஸ் கிர்பி வடிவமைத்து 1971-ல் லேசர் என்ற பெயரில் சந்தைக்கு வந்த படகு இது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. பெண்களுக்கான பிரிவாக, சிறிய பாயுள்ள ரேடியல் (இன்றைய ஐஎல்சிஏ 6) 2008-ல் சேர்ந்தது. 2019-ல் வகுப்புச் சங்கம் படகின் பெயரை ஐஎல்சிஏ என்று மாற்றிக்கொண்டது. பழைய படகு வாங்குபவருக்கு இந்த வரலாற்றில் பயன்படும் சங்கதி ஒன்றுதான்: வடிவம் மாறவே இல்லை. பதினான்கு வயது ஹல்லும் புது ஹல்லும் ஒரே கோட்டில் நின்று பந்தயம் தொடங்கலாம். வடிவமைப்பு வேகமாக மாறும் வகுப்புகளில் இந்தத் துணிச்சல் எடுபடாது.

பாய்மரம் மேல் மரம், கீழ் மரம் என்று இரண்டு துண்டு. ஹல், சுக்கான், சென்டர்போர்டு (அடியில் நீருக்குள் இறங்கும் பலகை), பூம் (பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கிடைக்கம்பு), மேல் மரம் எல்லாம் மூன்று பாய் அளவுகளுக்கும் பொது. மாறுவது கீழ் மரமும் பாயும் மட்டும். ஐஎல்சிஏ 7-ன் பாய் 7.06 சதுர மீட்டர், 6-ன் பாய் 5.76, 4-ன் பாய் 4.70. நம் ஆளின் 76 கிலோ இரண்டுங்கெட்டான் எடை. மிதமான காற்றில் 7 நன்றாக ஓடும். பலமான காற்றில் 80 கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் அவரை முந்துவார்கள். 6-க்கு அவர் சற்றுக் கனம். இந்த இடத்தில் எடை அட்டவணையைப் புரட்டுவதை விட, தான் ஓடப்போகும் கிளப்பில் எந்தப் பாயோடு அதிகப் படகுகள் தொடக்கக் கோட்டுக்கு வருகின்றன என்று பார்ப்பதே சரி. தனியாக ஓடும் பந்தயத்தில் சரியான எடை இருந்து என்ன பயன்? இங்கே அது 7. இரண்டு படகுகளுமே 7-ன் கீழ் மரத்தோடு வருகின்றன. பின்னால் மனம் மாறினால் ஒரு கீழ் மரமும் ஒரு பாயும்தான் செலவு.

முதலில் தகடு, பிறகுதான் படகு

ஐஎல்சிஏ ஒரே வடிவ வகுப்பு. விதிப் புத்தகம் வெளிப்படையாக அனுமதிக்காத எதுவும் தடை. உரிமம் பெற்ற கட்டுநர் கட்டி, அதற்கான தகடு ஒட்டிய ஹல்தான் வகுப்புப் பந்தயத்தில் செல்லும். தகடு காக்பிட்டின் (ஓட்டுபவர் கால் வைக்கும் பள்ளத்தின்) பின்சுவரில் இருக்கும். மிகப் பழைய படகுகளில் எண் முன்முனையின் வளையத்துக்கு அடியிலோ பின்பக்கத்திலோ அச்சில் பதிந்திருக்கும். தகட்டு எண், விற்பனைச் சீட்டில் உள்ள எண், பாயில் ஒட்டிய எண் மூன்றையும் ஒப்பிட வேண்டும். பாய் எண் மட்டும் வேறாக இருந்தால் வேறொரு படகின் பாயாக இருக்கலாம், அதில் குற்றமில்லை. தகடு பிய்ந்து போயிருந்து, விற்பவர் ‘அது எப்பவோ விழுந்துடுச்சு’ என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பந்தயக்காரர் நடையைக் கட்டலாம்.

பாயிலும் இதே கண்ணி உண்டு. பயிற்சிக்கென்று விற்கும் நகல் பாய்கள் அளவிலும் தோற்றத்திலும் அசல் போலவே இருக்கும், விலை பாதிக்கும் கீழே. முன்கீழ் மூலைக்கு அருகே வகுப்பின் அங்கீகார அடையாளம் இல்லாவிட்டால் அது நகல்தான். முதல் படகின் ‘புத்தம் புதுப் பாய்’ இந்தச் சோதனையில் தேறியது. தேறாத பாய் என்றால் விலைப் பேச்சில் அதன் மதிப்பு பூஜ்யம்.

ஹல்: எடையும் ஈரமும்

பந்தயப் படகில் பிறகு மாற்ற முடியாத பொருள் ஹல் ஒன்றுதான். பாய், கயிறு, பிளாக் (கயிறு ஓடும் கப்பி), மரம் எல்லாம் கடையில் கிடைக்கும். அதனால் ஆய்வு நேரத்தில் முக்கால் பங்கை ஹல்லுக்கே கொடுப்பது நியாயம்.

இந்த ஹல்லின் அறியப்பட்ட எடை சுமார் 59 கிலோ. மரம், பாய், சுக்கான், சென்டர்போர்டு, கழற்றக்கூடிய கயிறுகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, வடிகால் அடைப்பானைத் திறந்து, படகைப் பின்பக்கம் சாய்த்து உள்நீர் முழுவதும் வடியவிட வேண்டும். பிறகு இரண்டு குளியலறைத் தராசுகள் போதும். ஒன்றை முன்முனைக்குக் கீழேயும் மற்றொன்றைப் பின்பக்கத்துக்குக் கீழேயும் வைத்து, இடையில் மரக்கட்டை கொடுத்துப் படகை மட்டமாக நிறுத்தி, இரண்டு எண்களையும் கூட்டினால் எடை. வெறும் காக்பிட்டில் எஞ்சும் பட்டை, கைப்பிடி, கிளீட்டுகளோடு (கயிற்றுக் கவ்விகளோடு) 61 அல்லது 62 காட்டினால் அமைதியாக அடுத்த சோதனைக்குப் போகலாம்.

முதல் படகில் அடைப்பானைத் திறந்ததும் இரண்டு லிட்டர் அளவுக்கு நீர் வந்தது. வடித்த பிறகும் தராசு 65 காட்டியது. இரண்டாவது படகில் சொட்டுக்கூட வரவில்லை, எடை 60.5.

வடிந்த நீரைப் பற்றி யாரும் பதற வேண்டாம். வடியாத நீர்தான் பிரச்சினை. டெக்கும் காக்பிட் தரையும் ஃபோம் நடுவில் வைத்த இரட்டைத் தோல் கட்டுமானம். வெளித்தோலில் விரிசல் விழுந்து உள்ளே புகுந்த நீரை ஃபோம் குடித்துவிடும். பிறகு அந்தத் தோல் ஃபோமிலிருந்து உரிந்து தளரும். கூடுதல் 3 கிலோ எடை ஒவ்வொரு திருப்பத்திலும் படகை இழுக்கும் என்பது ஒரு நஷ்டம். தளர்ந்த டெக் பாய்மரத்தை உறுதியாகப் பிடிக்காது என்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

தளர்ச்சியைக் கண்டுபிடிக்க ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடி போதும். டெக்கில் ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். உரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகி, அட்டையைத் தட்டுவது போலக் கேட்கும். ஓட்டுபவர் உட்காரும் பக்கவாட்டு டெக், காக்பிட் தரையின் நடுப்பகுதி, பாய்மரக் குழியைச் சுற்றி இரண்டு கை அகலம் ஆகிய மூன்றும் முக்கியம். அங்கே கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் படகில் வலப்பக்க டெக்கில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒலி மந்தமாக இருந்தது. பயிற்சிப் பள்ளிப் படகில் இது அதிசயமில்லை: கரையில் நிற்கும் படகின் மேல் முழங்கால் ஊன்றி ஏறுபவர்கள் ஒருவர் இருவரா?

ஜெல்கோட் (ஹல்லின் வழவழப்பான வெளிப்பூச்சு) விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல. நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து சிதறும் கோடுகள் எங்கோ இடித்த அடையாளம். அடியில் ஃபைபர்கிளாஸ் கெட்டியாக ஒலித்தால் பொருட்படுத்தத் தேவையில்லை. காக்பிட் மூலையிலோ குழியைச் சுற்றியோ இணையாக ஓடும் கோடுகள் வேறு ரகம். அங்கே ஓடு ஒவ்வொரு அலைக்கும் மடங்கி மீள்கிறது என்று பொருள்.

அடிப்பாகத்தில் டிராலியின் தடம் பதிந்திருக்கிறதா என்று படகைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஹல்லின் விளிம்பைத் தாங்கும் டிராலிதான் இதற்குச் சரியானது. குறுகிய கட்டைகளின் மேல் வெயிலில் பல மாதம் நின்ற ஹல்லில் தட்டையான பள்ளங்கள் விழும். அதை நிரப்பிச் செதுக்கி வடிவத்தை ‘மேம்படுத்த’ விதி இடம் தராது. தொலைவிலிருந்து வரும் வெளிச்சத்துக்கு எதிரே தாழக் குனிந்து பார்த்தால் பிரதிபலிப்பு எங்கே நெளிகிறது என்று தெரியும். இரண்டு படகுகளிலும் இந்தக் குறை இல்லை.

பாய்மரக் குழி

இந்தப் படகில் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் கிடையாது. டெக்கில் உள்ள குழியில் மரம் செருகி நிற்கிறது, அவ்வளவுதான். குழியின் ஆழம் 35 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நல்ல காற்றில் பாயின் மேல் விழும் பக்கவாட்டு விசையைத் தோராயமாக 30 கிலோ என்றும், அது டெக்கிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் விழுகிறது என்றும் கொண்டால், நெம்புகோல் கணக்கில் மரத்தின் அடி குழியின் சுவரை 180 கிலோ அளவில் தள்ளுகிறது. அலையில் படகு மோதி நிற்கும் கணங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. குழியை ஹல்லின் அடியோடு ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போனால், ஒரு நாள் மரம் டெக்கைக் கிழித்துக்கொண்டு சாயும். இந்தப் படகுகளுக்கு வரும் சாவுகளில் அடிக்கடி நேர்வது இது.

சோதனை எளிது. குழிக்குள் டார்ச் அடித்து மணலைத் துடைத்தெடுத்துவிட்டு, நீரை ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் சொச்சம் பிடிக்கும். விளிம்புக்குக் கீழே நீர்மட்டத்தில் நீர் அழிக்காத பேனாவால் ஒரு கோடு. அரை மணி நேரம் மற்ற வேலைகளைப் பார்க்கலாம். கசியாத குழியில் நீர் அந்தக் கோட்டிலேயே நிற்கும். முதல் படகில் இருபது நிமிடத்தில் நான்கு சென்டிமீட்டர் இறங்கியது. அந்த நீர் போன இடம் ஹல்லின் உள்பக்கம். எடை ஏன் 65 காட்டியது என்பதற்கு விடையும் அங்கேயே கிடைத்தது.

நீர் நிற்கிறது என்பதால் குழி உறுதி என்று முடிவு கட்டக்கூடாது. நீரை எடுத்துவிட்டு, கீழ் மரத்தை மட்டும் செருகி, ஒருவர் அதன் உச்சியைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் குழி விளிம்பில் விரல் வைத்து, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். மரத்துக்கும் குழிக்கும் இடையே லேசான ஆட்டம் எல்லாப் படகிலும் உண்டு. குழியே டெக்கோடு சேர்ந்து அசைந்தாலோ, அடியிலிருந்து ‘கிரீச்’ என்று சத்தம் வந்தாலோ பசை விட்டிருக்கிறது.

கடைசியாகக் கையைக் குழிக்குள் விட்டுச் சுவரைத் தடவ வேண்டும். மணலோடு சுழலும் அலுமினிய மரம் உப்புத்தாள் வேலையைச் செய்யும். காற்றை எதிர்த்து ஓடும்போது ஷீட்டும் (பாயை இழுக்கும் கயிறு) வேங்கும் (பூமைக் கீழே இழுக்கும் கயிறு) மரத்தின் உச்சியைப் பின்னால் இழுப்பதால், அடியில் முன்சுவரும் டெக் மட்டத்தில் பின்விளிம்பும்தான் தேயும். விரல் நகம் இடறும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் மரம் வடிவமைப்பை விடச் சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்கும். இரண்டாவது படகில் அடியில் மிதமான தேய்மானம் இருந்தது. நீர் இறங்கவில்லை, சத்தமும் இல்லை.

மரம், பூம், சுக்கான், பாய்

மரங்களைத் தரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். மேல் மரத்தில் காலருக்குப் (கீழ் மரத்தின் மேல் உட்காரும் வளையத்துக்கு) பக்கத்து ரிவெட் துளைதான் முறியும் இடம். காலரைச் சுற்றி வெள்ளைத் தூள் இருந்தால் அலுமினியம் அரிக்கிறது. துளையிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு கிளம்பியிருந்தால் அந்த மரத்தின் ஆயுள் முடிந்தது. முதல் படகின் மேல் மரம் காலருக்கு மேலே நன்றாக வளைந்திருந்தது. நிமிர்த்தலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் உலோகம் சோர்கிறது. இரண்டாவது படகின் மரம் நேராக இருந்தாலும் பதினான்கு ஆண்டு அலுமினியம். வகுப்பு இப்போது அனுமதிக்கும் காம்போசிட் மேல் மரம் நிரந்தரமாக வளைவதில்லை என்பதால், பலமான காற்றில் ஓடுபவர் முதலில் மாற்ற வேண்டிய பாகம் இதுதான்.

மரங்களைக் குலுக்கி உள்ளே நீர் சலசலக்கிறதா என்றும் கேட்க வேண்டும். முனை அடைப்புகள் கசிந்தால் கவிழ்ந்த படகு பக்கவாட்டில் மிதக்காமல் தலைகீழாகப் போகும். பந்தயத்தில் அதை நிமிர்த்தும் நேரத்துக்குள் பாதிப் படகுகள் கடந்துவிடும்.

பூமில் கூஸ்நெக் (மரத்தோடு சேரும் மூட்டு), நடுப் பிளாக், வேங் இணைப்பு ஆகிய மூன்றின் ரிவெட்டுகளையும் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் துளை முட்டை வடிவமாகியிருக்கும்.

சென்டர்போர்டையும் சுக்கானையும் கண்ணுக்கு நேரே பிடித்து, பின்விளிம்பு வழியாக முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பில் சிறு உடைசல்கள் இருந்தால் ஒரு மாலை வேலை. முறுக்கியிருந்தால் வாங்காதீர்கள், அதை நேராக்க வழியில்லை, ஒரு பக்கத்தில் மட்டும் காற்றை நோக்கி நன்றாக ஏறும் படகாகிவிடும். சுக்கானைப் பொருத்தி நுனியை ஆட்டினால் கட்ஜன் (படகில் உள்ள சுக்கான் வளையம்), பின்டில் (அதில் நுழையும் சுக்கானின் ஊசி), தலைப் போல்ட் இவற்றில் எங்கே ஆட்டம் என்று புலப்படும். கட்ஜனின் திருகுகள் பல படகுகளில் உள்ளே பதித்த மரக்கட்டையில் பிடிப்பவை. கட்டை நீர் குடித்தால் திருகு வெறுமனே சுழலும். இரண்டாவது படகின் கீழ் கட்ஜனில் ஒரு திருகு அப்படித்தான் சுழன்றது.

டில்லரில் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடியில்) டிராவலர் கயிறு (பின்பக்கத்தில் குறுக்கே கட்டி, ஷீட்டின் பிளாக் நகரும் கயிறு) உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா? டில்லர் நீட்சியின் ரப்பர் மூட்டை முழுவதும் மடித்துப் பார்த்தீர்களா? விலையில் அற்பமான பாகம்தான், ஆனால் அது அறுந்தால் பந்தயம் அந்த இடத்திலேயே முடிந்தது.

பாயைப் பற்றிச் சுருக்கமாக. துணியின் விறைப்பு போனதா, முன்விளிம்பு உறையின் உச்சி தேய்ந்திருக்கிறதா, பாயின் வயிறு பின்னால் நகர்ந்திருக்கிறதா? கன்னிங்ஹாமை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) முழுவதும் இழுத்த பிறகும் வயிறு முன்னால் வராவிட்டால் அது பயிற்சிப் பாய். வாங்கும் விலையில் பாய்க்கு அதிக எடை கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. கிளப் மட்டத்தில் ஓடினாலும் ஓரிரு பருவத்தில் மாற்றப்போகும் பொருள் அது. விற்பவர்கள் பேச்சை எப்போதும் அதில்தான் தொடங்குவார்கள்.

கணக்கு

விலையிலிருந்து தேய்பொருள்களைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் சரியான ஒப்பீடு. நம் அளவுகோலில் வகுப்புப் பாய் 8, கட்டுப்பாட்டுக் கயிறுகளும் தேவையான பிளாக்குகளும் 4, காம்போசிட் மேல் மரம் 6 என்று கொள்வோம்.

முதல் படகின் 55-ல் பாய்க்கும் கயிறுக்கும் 12 கழித்தால், ஈரமான ஹல்லுக்கும் வளைந்த மரத்துக்கும் கேட்கும் விலை 43. கொடுக்கும் 55-க்கு மேல் குழியைப் பழுதுபார்க்க 10, மேல் மரத்துக்கு 6. மொத்தம் 71 ஆகிறது. டெக் உரிந்த இடத்தின் செலவு இன்னும் சேரவில்லை.

இரண்டாவது படகை, சுழலும் திருகையும் சென்டர்போர்டின் விளிம்பு உடைசல்களையும் காட்டி 27-க்குப் பேசி முடிக்கலாம். பாய் 8, கயிறு 4, மேல் மரம் 6, எபாக்சிப் பசை, ஜெல்கோட் முதலியவற்றுக்கு 1. மொத்தம் 46. பழைய பாய் பயிற்சிக்கு மிச்சம். புதுப் பாயை ரெகாட்டாவுக்கு மட்டும் எடுத்தால் அதன் ஆயுள் கூடும்.

வாங்கியது இரண்டாவதை.

வாங்கிய பிறகு

முதல் வேலை குழி. தேய்ந்த பள்ளத்தை 80 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, கூழ்ம சிலிகா (கெட்டியாக்கும் நுண்தூள்) கலந்த எபாக்சியைப் பள்ளத்தில் மட்டும் நிரப்ப வேண்டும். நோக்கம் பழைய சுவரின் மட்டத்துக்குத் திரும்புவது. அதற்கு மேல் தடிப்பாகப் போட்டால் மரம் செருகாது, சாய்வும் மாறும். சாய்வை மாற்றுவது விதி மீறல். எபாக்சி முழுதாக இறுகிய பிறகு மரத்தைச் செருகி, உச்சியிலிருந்து பின்பக்க நடுவிளிம்புக்கு டேப் பிடித்து, நல்ல நிலையில் உள்ள இன்னொரு படகின் அளவோடு ஒப்பிட்டால் மனம் நிம்மதியாகும். மரத்தின் அடியில் போடும் பிளாஸ்டிக் தட்டும், செருகும் முன் குழியை ஒரு துணியால் துடைக்கும் பழக்கமும் இருந்தால் இந்த வேலை பல ஆண்டுகளுக்குத் திரும்ப வராது.

கட்ஜன் திருகுக்கு: பழைய துளையைக் காயவிட்டு, கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் புதுத் துளையிட்டு, பாலியூரிதேன் சீலன்ட் தடவித் திருக வேண்டும். கையில் கிடைக்கிறதே என்று சிலிகானை எடுக்க வேண்டாம். அது பூசிய இடத்தில் பிறகு எபாக்சியோ ஜெல்கோட்டோ ஒட்டாது.

சென்டர்போர்டின் விளிம்பு: உடைந்த இடத்தை நல்ல ஃபைபர்கிளாஸ் வரை தேய்த்து, ஒரு பக்கம் பேக்கிங் டேப் ஒட்டிய தட்டையான பலகையை அச்சாக வைத்து நிரப்பி, 180, 320, 400, கடைசியாக 600 நீர்த்தாள். பழைய வடிவத்துக்கு மீட்டால் அது பழுது, கூர்மையாக்கினால் மாற்றம். முந்தையதுக்கு மட்டுமே விதியில் இடம்.

கயிறுகளில் மெயின்ஷீட் (பாயை இழுக்கும் முதன்மைக் கயிறு) 7 மில்லிமீட்டர், சுமார் 13 மீட்டர். டிராவலருக்கு நீட்சியில்லாத 5 அல்லது 6 மில்லிமீட்டர் டைனீமா இழைக் கயிறு. அது இழுபட்டு நீண்டால் பிளாக் நடுவை நோக்கி உயர்ந்துவிடும், பூம் வெளியே போகாது. மெயின்ஷீட்டில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்து தண்ணீரில் இறக்கினால், முதல் பந்தய நாள் முடிவில் ஹல்லில் ஒன்றரை லிட்டர் நீர். சோதனைகள் எல்லாம் தேறிய படகில் இது எப்படி? பல ஆண்டு கூரைக்குள் காய்ந்து நின்றதால் பெய்லரின் (காக்பிட் நீரை வெளியேற்றும் வால்வின்) அடிகேஸ்கட் சுருங்கியிருந்தது. காக்பிட்டில் நீரில்லாமல் கரையில் நிற்கும் படகில் அது தெரியாது. கசிவைத் தேடும் வரிசை இது: வடிகால் அடைப்பானின் ரப்பர் வளையம், பெய்லர், கட்ஜன் திருகுகள், பாய்மரக் குழி, டெக்கின் திருகுகள், கடைசியாக ஹல்லும் டெக்கும் சேரும் விளிம்பு. பெய்லரைச் சோதிக்க, டிராலியில் நிற்கும் படகின் காக்பிட்டில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீர் மட்டும் ஊற்றி, கால் மணி கழித்து அடைப்பானைத் திறந்து பார்த்தால் போதும். காக்பிட்டை விளிம்புவரை நிரப்பினால் அந்த எடையை நிற்கும் படகு தாங்க வேண்டியிருக்கும்.

மற்ற இடங்களுக்குச் சோப்பு நீர். மூச்சுத் துளையை டேப்பால் மூடி, வடிகால் துளையில் ஒரு குழாயைச் செருகிச் சுற்றி அடைத்து, வாயால் மெல்ல ஊத வேண்டும். தூரிகையால் சோப்பு நீரைத் தடவிக்கொண்டே வந்தால் கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். கம்ப்ரஸர் பக்கமே போக வேண்டாம். டெக்கின் பரப்பு நான்கு சதுர மீட்டரை ஒட்டியது. 0.1 பார் அழுத்தமே அதன் மேல் 3 டன்னுக்கும் மேலான விசையாகும். விளிம்பின் பசை வாயைப் பிளந்துவிடும். சோதனை முடிந்ததும் மூச்சுத் துளையின் டேப்பை எடுக்க மறந்தால் வெயிலில் விரியும் காற்று அதே வேலையை மெதுவாகச் செய்யும். இந்தப் படகில் கட்ஜன் அருகே நுரை வரவில்லை. பெய்லரைக் கழற்றி, கேஸ்கட்டை மாற்றி, சீலன்ட் வைத்து முடுக்கியதும் அடுத்த முறை அடைப்பானைத் திறந்தபோது சில சொட்டுகள்தான்.

முதல் படகை யார் வாங்கலாம்

அது குப்பைக்குப் போக வேண்டிய படகல்ல. எபாக்சி வேலை தெரிந்து, அவசரமில்லாத ஒருவருக்கு அது நல்ல வாய்ப்பு, 35-க்குக் கீழே கிடைத்தால். குழிக்குப் பக்கத்தில் டெக்கில் ஓர் ஆய்வு மூடிக்குத் துளையிட வேண்டும். வகுப்பு விதி 153 மில்லிமீட்டர் உள்விட்டம் வரை அனுமதிக்கிறது. திறந்த துளையில் சிறு மின்விசிறியை வைத்து வாரக்கணக்கில் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். எடை குறைவது நின்ற பிறகே பசை வேலை. ஈர ஃபைபர்கிளாஸில் எபாக்சி பிடிக்காது. குழியின் அடியைச் சுற்றிச் சொரசொரப்பாக்கி, கெட்டி எபாக்சியால் வளைவான கரை கட்டி, அதன் மேல் ஃபைபர்கிளாஸ் நாடா இரண்டு, மூன்று அடுக்கு. ஒரே தடவையில் பெரிய குவளை நிறையக் கலந்து ஊற்றினால் எபாக்சி தன் சூட்டிலேயே நுரைத்துப் பொடியும். 150 மில்லி அளவில் பிரித்துப் பிரித்துத்தான் செய்ய வேண்டும். இறுகிய பிறகு அதே நீர்க்கோட்டுச் சோதனையை இந்த முறை ஓர் இரவு முழுக்கச் செய்ய வேண்டும். எடை 62-க்கு இறங்காவிட்டால் ஃபோம் இன்னும் நீரை வைத்திருக்கிறது. அப்போது அது உள்ளூர்ப் பயிற்சிக்கான படகு, அந்த விலைக்குத்தான் விற்கும்.

இருவர் செலுத்தும் 420, 470 போன்ற படகுகளைப் பார்ப்பவர்கள் இதே வரிசையில் போகலாம். ஆனால் அங்கே அளவீட்டுச் சான்றிதழ் இருக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். குறைந்தபட்ச எடையை எட்டப் படகில் எவ்வளவு ஈயம் கட்டினார்கள் என்று அதில் எழுதியிருக்கும். சான்றிதழில் இரண்டு கிலோ ஈயம் என்றிருந்து, இன்று ஈயத்தைக் கழற்றிய பிறகும் படகு வரம்புக்கு மேலே நின்றால், அந்த இரண்டு கிலோவும் வரம்பைத் தாண்டிய மிகுதியும் படகைக் கட்டிய பிறகு ஏறியவை: நீர், பழுதுபார்த்த எபாக்சி, பெயின்ட். கம்பிகள் டெக்கில் பிடிக்கும் தகடுகளும் சென்டர்போர்டு பெட்டியின் அடிவிளிம்பும் அந்தப் படகுகளில் பாய்மரக் குழிக்குச் சமம்.